இறந்தவர் பேசுகிறார் என்று மெசேஜ் வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிசெட்டிபாளையத்தில் பிளெக்ஸ், போஸ்டர் டிசைன் செய்யும் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாம் வரும். ராத்திரி நேரங்கெட்ட நேரத்தில் போன் அடித்தால் மட்டும் அது அநேகமாகக் கண்ணீர் அஞ்சலிதான். அப்படி வந்து போனவர்களில் சிலர், கருமாதி முடிந்த கொஞ்ச நாளில் மறுபடி வருகிறார்கள். “அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்க. இன்ஸ்டாவுல ஒருத்தங்க மெசேஜ் போட்டிருக்காங்க. அப்பா எங்கிட்டப் பேசணும்ங்கறாராம்.”

போலீஸ் ஸ்டேஷனுக்கோ வக்கீலிடமோ போகத் தயங்குகிறவர்கள் போஸ்டர் கடைக்காரனிடம் தயங்குவதில்லை. சந்தேகங்களும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றேதான். அதனால் கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டு, விசாரித்துத் தெரிந்துகொண்ட பதில்களைக் கீழே சேர்த்திருக்கிறேன். யார் பேரும் ஊரும் இதில் இல்லை.

ஏனுங்க, ஆவியோட பேசறோம்னு போன்ல வர்றவங்க யாருங்க? நம்மூர்ல குறி சொல்றவங்க மாதிரிதானுங்களா?

பேச்சு ஒரே மாதிரி இருக்கும், ஆள் வேறு. உடுக்கை அடித்துக் குறி சொல்லும் கோடாங்கியிடம் நாம் தேடிப் போகிறோம். அவர் வீடு எங்கே, மகன் என்ன வேலை பார்க்கிறான் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். அவர் சொல்வது பலிக்கிறதோ இல்லையோ, மறுநாளும் அதே கடையில் டீ குடிக்க வந்தாக வேண்டும். (கோடாங்கிகள் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை.)

இந்தப் போன் ஆட்கள் உங்களைத் தேடி வருகிறார்கள். யாரோ இறந்த செய்தியைப் பகிர்ந்த பதிவின் கீழே, “உங்களை விட்டுப் போனவர் ஒன்று சொல்லத் துடிக்கிறார், இன்பாக்ஸ் வாங்க” என்று கமெண்ட் விழும். புரொஃபைலில் ஒரு சாமி படம், அம்மா என்றோ சித்தர் என்றோ ஒரு பேர், ஒரு வாட்ஸ்அப் நம்பர். அதைத் தாண்டி விலாசம் எதுவும் இருக்காது.

எங்கூட்டு விஷயமெல்லாம் அவங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது? நான் ஒரு வார்த்தை சொல்லலையே!

என் கடையில் அடிக்கும் ஒரு சாதாரண பிளெக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே கண்ணீர் அஞ்சலி. நடுவில் படம். ஒரு பக்கம் தோற்றம், மறு பக்கம் மறைவு, இரண்டுக்கும் முழுத் தேதி. கீழே ‘இவண்’ என்று மனைவி, மகன், மருமகள், மகள், மருமகன், பேரன், பேத்தி என்று வரிசையாகப் பெயர்கள். மகன் பெயருக்குப் பக்கத்தில் படிப்பும், வேலை பார்க்கும் ஊரும். தோட்டத்தின் பேர், ஊர், காரியம் நடக்கும் இடம், தொடர்புக்கு இரண்டு செல் நம்பர். ஒரு குடும்பத்தின் பாதி ஜாதகம் அதிலேயே இருக்கிறது.

அந்த பிளெக்ஸ் முச்சந்தியில் நிற்பது சில நாள்தான். அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸிலும் ஊர்ப் பேர் போட்ட முகநூல் குழுவிலும் போடுகிறோமே, அது அங்கேயே கிடக்கும். கீழே ஒருவர், “போன வாரம்கூடச் சந்தையில பார்த்தனே, என்னாச்சு?” என்று கேட்கிறார். மகன் வரி வரியாகப் பதில் எழுதுகிறார்: ராத்திரி நெஞ்சு வலி, ஈரோடு கொண்டு போகும் வழியில் முடிந்துவிட்டது, கடைசியாகத் தண்ணீர் கேட்டார். மகள், அப்பாவோடு எடுத்த பழைய வீடியோவைப் போட்டு உருகுகிறாள். இதையெல்லாம் அரை மணி நேரம் உட்கார்ந்து படித்த ஆள் உங்களிடம் வந்து, “கடைசியில் தண்ணீர் கேட்டாரே” என்றால் உடம்பு சிலிர்க்கத்தான் செய்யும்.

இப்போது என்னிடம் வருகிறவர்களிடம் சொல்வது இதுதான். பிளெக்ஸில் ஒரே நம்பர் போதும், அதுவும் கூகுள் பே இல்லாத நம்பராக இருந்தால் நல்லது. ஸ்டேட்டஸுக்குப் படமும் பேரும் காரியத் தேதியும் உள்ள சின்ன டிசைன் தனியாகத் தருகிறேன், அதைப் போடுங்கள். எப்படி இறந்தார் என்ற விவரத்தைக் கமெண்டில் எழுதாமல், கேட்டவருக்குப் போனில் சொல்லுங்கள். முகநூலில் நண்பர்கள் பட்டியலை மற்றவர்கள் பார்க்காதபடி மூடி வையுங்கள். இறந்தவருடைய கணக்கை நினைவுக் கணக்காக மாற்றச் சொல்லி முகநூல், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் விண்ணப்பிக்கலாம். மாற்றிவிட்டால் வேறு யாரும் அதில் உள்ளே நுழைய முடியாது.

சரிங்க, போஸ்டர்லயும் பேஸ்புக்லயும் இல்லாததைக்கூடச் சொன்னாங்களே? அப்பா என்னை ‘சாமி’ன்னு கூப்பிடுவாருன்னு சொன்னாங்க. அது எப்படி?

கொங்கு நாட்டில் பெற்ற பிள்ளையை ‘சாமி’, ‘கண்ணு’, ‘அம்மிணி’ என்று கூப்பிடாத அப்பா யார்? இதே ரகத்தில் இன்னும் உண்டு. “தண்ணீர் சம்பந்தமாக ஏதோ சொல்கிறார்” என்பார்கள். கீழ்பவானி வாய்க்கால் பாயும் ஊரில் தண்ணீர்க் கவலை இல்லாமல் செத்தவர் கிடையாது. போர் போட்டுத் தண்ணீர் வராமல் போனதா, வாய்க்கால் முறையா, கடைசியாக வாயில் விட்ட தண்ணீரா என்பதை நீங்களே பொருத்திக்கொள்வீர்கள். “பங்காளி வகையில் ஒரு மனத்தாங்கல் தீராமல் போய்விட்டது” என்பார்கள். வரப்புத் தகராறும் வழித்தடத் தகராறும் இல்லாத தோட்டம் எங்கே இருக்கிறது?

1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் ஆசிரியர் தன் மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார். ‘உன் குணத்தைக் கணித்தது’ என்று ஆளுக்கொரு தாள் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி நாலுக்கு மேல் வந்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வரிகளை அவர் ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார்.

நேரில் குறி கேட்டால் சொன்னது காற்றோடு போய்விடும். வாட்ஸ்அப்பில் அப்படியே இருக்கும். உங்கள் வாட்ஸ்அப் ‘சாட்’டை மேலே தள்ளி, முதலிலிருந்து நிதானமாகப் படியுங்கள். அவர் சொன்னது எவ்வளவு, கேட்டது எவ்வளவு, நீங்கள் வாயைக் கொடுத்துச் சொன்னது எவ்வளவு என்று தெரியும். தப்பாகச் சொல்லி நழுவிய இடங்களும் கண்ணில் படும். என் கடையிலேயே உட்கார்ந்து அப்படிப் படித்துப் பார்த்த ஒரு அக்கா, “அவ ஒண்ணுமே சொல்லலைங்க, எல்லாம் நானேதான் சொல்லியிருக்கறேன்” என்றார்.

அப்ப ஆவி, சாமி எல்லாம் பொய்யிங்கறீங்களா?

பெரியார் பிறந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்த வழக்கைத் தீர்க்க நான் யார்? சிவன்மலையில் உத்தரவுப் பெட்டி வைக்கிறார்கள். பக்தர் கனவில் வந்த பொருளை, சாமியிடம் பூப்போட்டுக் கேட்ட பிறகே அதில் வைக்கிறார்கள். குலதெய்வக் கோயிலில் பூ கேட்காமல் கல்யாணம் பேசாத வீடுகள் உண்டு. அதில் எனக்குச் சண்டை இல்லை.

இந்தப் பக்கத்தின் கவலை ஒன்றே ஒன்றுதான். துக்கத்தில் இருக்கிறவரிடம், முன்பின் தெரியாத ஒருவர், இறந்தவரின் பேரைச் சொல்லிப் பணம் கேட்கிறார். நீங்கள் சாமி கும்பிடுகிறவராக இருந்தாலும் கறுப்புச் சட்டை போடுகிறவராக இருந்தாலும் இதில் ஒரே பதில்தான்: அனுப்பாதீர்கள்.

கனவுல வர்றாருங்க. வாசல்ல செருப்புச் சத்தம் கேக்குது. இது அவரு ஏதோ சொல்ல வர்றதுதானுங்களே?

பயப்படாதீர்கள், உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 1971இல் டெவி ரீஸ் என்ற மருத்துவர், பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் விசாரித்துக் கட்டுரை எழுதினார். கிட்டத்தட்டப் பாதிப் பேர், இறந்தவர் பக்கத்தில் இருப்பது போல உணர்ந்ததாகவோ, பார்த்ததாகவோ, குரல் கேட்டதாகவோ சொன்னார்கள். பலருக்கு அது ஆறுதலாகவே இருந்திருக்கிறது. பெரும்பாலோர் வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்கள்.

ஆக, “உங்களுக்குக் கனவு வருகிறதா? சத்தம் கேட்கிறதா?” என்று அவர்கள் கேட்பது ஞானதிருஷ்டி இல்லை. துக்க வீட்டில் பாதிப் பேருக்கு ‘ஆமாம்’ வரும் கேள்வி அது. நம் பெரியவர்கள் கனவில் வந்தால் காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். யாருக்கும் ஜிபே பண்ணவில்லை.

மொதல்ல வெறும் 101 ரூபாய்தானுங்க கேட்டாங்க. அதுல என்ன ஏமாத்து?

101 ரூபாய் வருமானத்துக்காகக் கேட்பதில்லை. நீங்கள் அனுப்புகிற ஆளா இல்லையா என்று பார்க்கக் கேட்பது. அனுப்பியதும் உங்கள் வங்கிக் கணக்கில் உள்ள பேர் அவருக்குத் தெரிந்துவிடும். அடுத்தது, “ஆத்மா ஒரு கட்டுக்குள் மாட்டியிருக்கிறது, அவிழ்க்கப் பூஜை” என்று சில ஆயிரம். அதற்கடுத்தது செய்வினை. வைத்தது யார் என்று கேட்டால், “உங்கள் நெருங்கிய சொந்தத்தில் ஒரு பெண்” என்பார்கள். அந்த ஒரு வரியில் நங்கைக்கும் நாத்தனாருக்கும் பேச்சு நின்ற குடும்பங்களை எனக்குத் தெரியும். போன பணத்தைவிட அது பெரிய நஷ்டம்.

கூடவே இரண்டு பேச்சு வரும். ஒன்று, “வெளியே சொன்னால் பலிக்காது.” இன்னொன்று, “வர்ற அமாவாசைக்குள் செய்யாவிட்டால் அடுத்த உயிர் போகும்.” இரண்டில் எது காதில் விழுந்தாலும் போனை வைத்துவிடுங்கள். பவானி கூடுதுறையிலும் பேரூர் நொய்யல் கரையிலும் கொடுமுடியிலும் ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிற கூட்டத்தைப் பாருங்கள். குடும்பத்தோடு, பட்டப்பகலில், எல்லோரும் பார்க்கத்தான் செய்கிறார்கள். ரகசியமாகச் செய்யவேண்டிய பித்ருக் காரியம் எதுவும் நம் வழக்கத்தில் இல்லை.

நேரத்தையும் கவனியுங்கள். சாவு வீட்டில் ஆள் நிறைந்திருக்கும்போது இவர்கள் வருவதில்லை. பதினாறு முடிந்து, வெளியூர்ச் சொந்தமெல்லாம் போன பிறகு வருகிறார்கள். எல்ஐசி பணமும் பிஎஃப் பணமும் கைக்கு வருகிற சமயமும் அதுதான்.

இன்னொருத்தரு காசே வாங்கறதில்லைங்க. லைவ்ல வந்து எல்லாருக்கும் சும்மாவே சொல்றாரு. அவரு நல்லவருதானுங்களே?

லைவுக்கு வரும் கூட்டமே வருமானம்தான். பார்வை எண்ணிக்கை கூடும், யூடியூபில் பார்க்கிறவர்கள் லைவிலேயே அனுப்பும் சூப்பர் சாட் பணம் வரும். ஆயிரம் பேர் பார்க்கும்போது, “யாரோ ஒருவருக்கு ‘ரா’வில் பேர் தொடங்கும் பெரியவர் இறந்திருக்கிறார்” என்றால் ராமசாமி, ராக்கியப்பன், ராசம்மாள் என்று கமெண்ட் குவியாமல் என்ன செய்யும்?

அதைவிட, நீங்கள் அந்தக் கமெண்டில் எழுதுவதை வேறு ஆட்களும் படிக்கிறார்கள். லைவ் நடத்துபவர் ஒரு பைசா வாங்காதவராகவே இருக்கட்டும். அங்கே அழுதுகொண்டு எழுதியவர்களுக்கு அன்றைக்கு ராத்திரியே இன்னொரு ஐடியிலிருந்து மெசேஜ் வரும்.

டிவில வர்ற ஜோசியர் ஐடிங்க அது. பெரிய மனுசன் ஏமாத்துவாரா?

ஐடி அவருடையதுதானா என்று முதலில் பாருங்கள். பிரபலமானவரின் படத்தையும் வீடியோவையும் எடுத்துப் போட்டு, பேரில் ஒரு புள்ளியோ ஒரு எழுத்தோ கூடச் சேர்த்துப் போலிக் கணக்கு திறப்பது சகஜம். அவர் பேரைச் சொல்லி உங்களிடம் பணம் கேட்டால், அவருடைய அலுவலக நம்பரை வேறு வழியில் தேடி எடுத்துக் கேளுங்கள். மெசேஜில் வந்த நம்பருக்கே கூப்பிட்டால் அவர்களேதான் எடுப்பார்கள்.

நான் அப்பாவோட குரலையே கேட்டனுங்க. ‘அழுகாத சாமி’ன்னாரு. அது பொய்யாகுமா?

இதைச் சொன்ன பெண் சொல்லும்போதே அழுதுவிட்டார். அப்பா குரல் என்று அவர் கண்டுகொண்டது தப்பில்லை. அது அப்பாவின் குரலின் நகல். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்கு ஒருவர் பேசிய சின்னப் பதிவு போதும், அதே குரலில் புதிய வாக்கியங்களைப் பேச வைத்துவிடும். பதிவு எங்கே கிடைத்தது என்றால், மேலே இரண்டாம் கேள்வியில் சொன்ன அந்தப் பழைய வீடியோதான்.

கூர்ந்து கேட்டால் சில சமயம் பிடிபடும். பேசுவது அப்பாவாக இருக்கும், பேச்சு நம் பேச்சாக இருக்காது. ‘ங்க’ போடவேண்டிய இடத்தில் விட்டிருக்கும், ‘ஏனுங்க’, ‘அக்கட்டால’ மாதிரி சொற்கள் எட்டிப் பார்க்காது. ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள், நாளாக ஆக இதுவும் சரியாகிவிடும். திருப்பி ஒரு கேள்வி கேளுங்கள், உடனே பதில் வருகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ‘ஆத்மாவுக்குச் சக்தி போதவில்லை, அடுத்த பூஜையில்’ என்றுதான் வரும். அப்பாவின் குரல் வேண்டுமென்றால் உங்கள் போனில் உள்ள பழைய வாய்ஸ் மெசேஜ்களை எடுத்து பத்திரமாக வையுங்கள். அவை உண்மையானவை.

எங்கம்மா இந்த ஐடியை முழுசா நம்பறாங்க. எடுத்துச் சொன்னா என் மேலயே எரிஞ்சு விழறாங்க. என்ன பண்றதுங்க?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமான கேள்வியும் இதுதான். மகன்கள் செய்வது ஒரே மாதிரி இருக்கிறது. போனைப் பிடுங்குகிறார்கள், “படிக்காத சனம்” என்று திட்டுகிறார்கள். அம்மா அப்புறம் பக்கத்து வீட்டுப் போனில் பேசுகிறார்.

அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அம்மா மனசு கஷ்டப்படும் என்று யாரும் அப்பா பேச்சையே எடுப்பதில்லை. அவர் கயிற்றுக் கட்டிலை மடித்து வைத்தாயிற்று, வேட்டி சட்டையைக் கொடுத்தாயிற்று, பேரன் ‘அப்பாரு’ என்று ஆரம்பித்தால் அடக்குகிறார்கள். நாள் முழுக்க அந்த மனிதரைப் பற்றி அம்மாவிடம் பேசுகிற ஒரே ஆள் அந்த ஐடிதான். அதைப் பிடுங்கினால் கோபம் வராதா? முதலில் நீங்கள் பேசுங்கள். அப்பா தோட்டம் வாங்கிய கதை, சந்தையில் மாடு பேரம் பேசிய கதை, அவருடைய முன்கோபம் எல்லாவற்றையும் பேசுங்கள். அம்மா அழட்டும்.

அப்புறம் ஒரு நாள், சண்டை இல்லாத நேரமாகப் பார்த்து, சாட்டை இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள். “இது ஏமாத்து” என்று சொல்லாமல், “இது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்மா?” என்று ஒவ்வொரு வரிக்கும் கேளுங்கள். பிளெக்ஸ் போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கண்டுபிடிப்பது அம்மாவாக இருக்கட்டும். இதற்கு நாளாகும். அதுவரை பணத்துக்கு ஒரு வேலி போடலாம்: யுபிஐ இருக்கும் கணக்கில் மாதச் செலவுக்கு மட்டும் வைத்துவிட்டு, மற்றதை அம்மா பேரிலேயே வைப்புத் தொகையாகப் போடுங்கள். அவரைக் கேட்டு, அவர் கையெழுத்தோடு செய்யுங்கள். மகன் பேருக்கு மாற்றினால் அந்த ஐடி சொன்ன ‘சொந்தத்தில் ஒருவர்’ நீங்கள்தான் என்று ஆகிவிடும்.

என் தம்பி தானே முடிச்சுக்கிட்டானுங்க. அவன் ஆத்மா அலையுது, அடுத்தவங்களையும் கூப்பிடும்னு சொல்றாங்க. பயமா இருக்குங்க.

இந்த மோசடியில் இதைவிடக் கொடூரமான பேச்சு இல்லை. ஏற்கனவே, “நான் அன்னிக்குப் போன் எடுத்திருந்தா...” என்று தன்னையே அறுத்துக்கொண்டிருக்கும் வீட்டில் போய், செத்தவன் இன்னொருவரைக் கூட்டிப்போவான் என்று சொல்வது ஆபத்தும்கூட. அகாலத்தில் போனவர்களை நம் பெரியவர்கள் பேயாக்கி விரட்டியது மட்டும் இல்லை. புதுத் துணி வைத்து, படையல் போட்டு, வீட்டுத் தெய்வமாகக் கும்பிட்ட வழக்கமும் இங்கே உண்டு. உங்கள் தம்பி உங்களைக் காவு கேட்கமாட்டான்.

வீட்டில் யாருக்காவது சாகவேண்டும் என்ற எண்ணம் தலை காட்டினால் 14416 என்ற நம்பருக்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது. தூக்கமில்லாமல் துக்கத்தில் தவிப்பவர்களும் கூப்பிடலாம்.

காசு போயிருச்சுங்க. திரும்ப வருங்களா?

உடனே 1930க்கு அடியுங்கள். இணையப் பண மோசடிக்கான தேசிய உதவி எண் அது. பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் தகவல் போனால், வங்கி அந்தத் தொகையை நிறுத்தி வைக்க முடியும். வீட்டில் கலந்து பேசி, நல்ல நேரம் பார்த்து, திங்கட்கிழமை போகலாம் என்று உட்கார்ந்தால் பணம் பல கை மாறியிருக்கும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. சாட்டை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட், பரிவர்த்தனை எண், அந்த ஐடியின் லிங்க், நம்பர் எல்லாம் வேண்டும்.

வங்கியே ஈடு கட்டுமா என்று கேட்கிறார்கள். உங்களுக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து பணம் போனால் வாடிக்கையாளரைக் காக்க ரிசர்வ் வங்கியின் விதிகள் உண்டு. இங்கே யுபிஐ பின் (PIN) நம்பரைப் போட்டு அனுப்பியது நீங்கள் என்பதால் அந்த வழி கடினம். அதனால்தான் 1930க்கு வேகமாகப் போகச் சொல்கிறேன்.

பூஜைக்குன்னு போட்டோ கேட்டாங்க, அனுப்பிட்டேன். இப்ப அதை வெச்சு மிரட்டறாங்க.

பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் நிற்காது, கூடும். மிரட்டிப் பணம் பறிப்பது தனிக் குற்றம், அதையும் 1930லும் காவல் நிலையத்திலும் சேர்த்தே சொல்லுங்கள். பெண்கள் இதை வீட்டில் சொல்லப் பயந்து நகையை அடகு வைக்கிறார்கள். நம்பிக்கையான ஒருவரிடம், அது அண்ணனோ சித்தியோ டீச்சரோ யாரோ, இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மிரட்டுகிறவரின் பலமே நீங்கள் சொல்லமாட்டீர்கள் என்பதுதான்.

ஏமாந்த காசை மீட்டுத் தர்றோம்னு ஒரு வக்கீல் மெசேஜ் பண்றாருங்க. நம்பலாமா?

நம்ப வேண்டாம். பல நேரம் அதே கூட்டம்தான், அல்லது உங்கள் நம்பரை அவர்களிடம் வாங்கியவர்கள். முன்பணம் கேட்டாலோ, போனில் ஏதாவது செயலியை ஏற்றச் சொன்னாலோ, பணம் வர வேண்டுமென்றால் யுபிஐ பின் (PIN) நம்பரைப் போடுங்கள் என்று சொன்னாலோ முடிந்தது கதை. பணம் பெற யுபிஐயில் பின் நம்பர் தேவையே இல்லை.

இதுக்கெல்லாம் சட்டம் இருக்குதுங்களா? ‘நம்பிக்கை’ன்னு சொல்லித் தப்பிச்சுக்குவாங்களே?

ஏமாற்றிப் பணம் வாங்குவதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு இருக்கிறது. நாம் ‘420’ என்று சொல்லிப் பழகியதுதான், 2024 ஜூலை 1 முதல் இந்த எண். வேறொருவராக நடித்துக் கணினி, போன் வழியே ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி, மூன்று ஆண்டு வரை சிறை. மகாராஷ்டிரம் 2013இலும் கர்நாடகம் 2017இலும் மாந்திரீக மோசடிக்கென்றே தனிச் சட்டம் போட்டன. அந்த மாதிரிச் சட்டம் இல்லாமலே இங்கே வழக்குப் போட மேலே சொன்னவை போதும். நம்பிக்கை என்ற வாதம் வந்தால் வரட்டும். ‘பணம் அனுப்பாவிட்டால் சாவு விழும்’ என்ற மெசேஜ் உங்கள் கையில் இருக்கிறதே.

அவங்களை நாமளே சோதிச்சுப் பாத்தா என்னங்க? பொய்த் தகவல் குடுத்து மாட்ட வெக்கலாமே?

செய்தவர்கள் உண்டு. 2017இல் அமெரிக்காவில் சூசன் கெர்பிக் என்பவரும் நண்பர்களும், ஆவியோடு பேசுவதாகச் சொல்லும் ஒரு பிரபலத்தின் நிகழ்ச்சிக்குப் பொய்ப் பேரில் டிக்கெட் எடுத்தார்கள். அந்தப் பேரில் முகநூல் கணக்கு திறந்து, உடன்பிறந்த இரட்டைச் சகோதரன் புற்றுநோயில் இறந்துவிட்டதாக எழுதி வைத்தார்கள். அப்படி ஒரு சகோதரனே கிடையாது. மேடையில் அவன் வந்து பேசினான். முகநூலில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அரங்கில் உட்கார்ந்திருந்த கெர்பிக்குக்கே சொல்லாமல் வைத்திருந்தார்கள், அவர் மனதைப் படித்ததாகச் சொல்லிவிடக் கூடாதே என்று.

நமக்கும் இதில் ஒரு பரம்பரை உண்டு. இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், 1963இல், அமானுஷ்ய சக்தியை ஏமாற்று இல்லாமல் நிரூபித்தால் ஒரு லட்சம் ரூபாய் என்று அறிவித்தார். மூடி முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் எண்ணைச் சொல்வது அவர் வைத்த சோதனைகளில் ஒன்று. அவருக்குப் பின் அந்தச் சவாலை எடுத்து நடத்தியவர் நம் கோவை போத்தனூரில் இருந்த பி. பிரேமானந்த். 2009இல் அவர் இறக்கும்வரை யாரும் அந்தப் பணத்தை வாங்கவில்லை.

ஆனால் துக்கத்தில் இருக்கிற நீங்கள் துப்பறிய வேண்டாம். மறுமுனையில் இருப்பவரிடம் உங்கள் நம்பரும் வீட்டு விலாசமும் இருக்கின்றன. மனசு கேட்கவில்லை என்றால் கோவூர் வழியில் ஒரே ஒரு சோதனை: “எங்க அப்பா பீரோவுல வெச்சிருந்த பழைய பத்து ரூபா நோட்டோட நம்பரைக் கேட்டுச் சொல்லுங்க.” அதற்குமேல் பேச்சு வளர்க்காமல் பிளாக் பண்ணுங்கள்.

பொய்யின்னே வெச்சுக்குவோம். எனக்கு மனசு ஆறுது. என் காசு, என் இஷ்டம். இதுல உங்களுக்கு என்னங்க?

நியாயமான கேள்விதான். சினிமாவுக்கும் கோயிலுக்கும் செலவு செய்கிறோம், யாரும் கணக்குக் கேட்பதில்லை. எனக்கு இருக்கும் ஒரே உறுத்தல்: உங்கள் மனசு முழுசாக ஆறிவிட்டால் அந்த ஐடிக்கு வருமானம் நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஆற்றி, கொஞ்சம் கீறி விடுவார்கள். “அப்பா நிம்மதியாக இருக்கிறார், இனி நீங்கள் என்னிடம் வரவேண்டாம்” என்று சொன்ன ஒரு ஐடியை நான் இதுவரை பார்க்கவில்லை.

அப்படியும் தொடர்வதாக இருந்தால், மாதம் இவ்வளவுதான் என்று ஒரு தொகையை நீங்களே முடிவு செய்து வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். அந்த ஒருவரிடம் சொல்லவே மனம் வரவில்லை என்றால் ஏன் என்று யோசியுங்கள்.

அந்த ஐடியை நடத்தறது எங்க சொந்தக்காரப் பையனாட்டத் தெரியுதுங்க. போலீசுக்குப் போனா ஊரே பேசும். என்ன பண்றது?

இரண்டு தடவை எனக்கு நேராகவே இது வந்திருக்கிறது, ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. பிளெக்ஸில் இல்லாத விஷயம் சொந்தத்துக்குத்தான் தெரியும். முதலில் சந்தேகம் சரியா என்று பாருங்கள். பணம் போன கணக்கின் பேர், யுபிஐ ஐடி, மெசேஜில் உள்ள எழுத்துப் பிழைகள்வரை பொருத்திப் பாருங்கள். சந்தேகத்தை வைத்துக் கல்யாண வீட்டில் சட்டையைப் பிடிக்காதீர்கள். ஐடி சொன்ன ‘சொந்தத்தில் ஒருவர்’ பேச்சே உங்களை இப்படி நினைக்க வைத்திருக்கவும் கூடும்.

உறுதியானால், பெரியவர்கள் இரண்டு பேரை வைத்துப் பேசுவதில் தப்பில்லை. ஆனால் 1930ல் புகார் பதிவு செய்துவிட்டு அப்புறம் உட்காருங்கள். முதலில் பஞ்சாயத்து என்று போனால் நாள் ஓடும், சாட் அழியும், கணக்கு காலியாகும். வழக்கான பிறகும் மோசடி வழக்கில் நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பணத்தைத் திருப்பித் தருவதாக ஒத்துக்கொண்டால் வங்கி வழியாகவே வாங்குங்கள், என்ன காரணத்துக்கு என்று எழுதியும் வாங்குங்கள். அந்தப் பையன் இன்னும் எத்தனை வீட்டுக்கு இப்படி மெசேஜ் போட்டிருக்கிறான் என்று அங்கேயே, பெரியவர்கள் முன்னாலேயே கேளுங்கள். அந்த வீடுகளுக்கும் சொல்ல வேண்டும்.